பழைய மோட்டார்ஹோமில் ஹீட்டரை இயக்கப் பழகுவது எப்படி?

கேள்வி நீளமாக இருந்ததால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஜெர்மனியில் 2012-ல் தயாரான, ஃபியட் டுகாட்டோ வேன் மேல் கட்டிய மோட்டார்ஹோம் (உள்ளேயே சமைத்து, குளித்து, தூங்கும் வசதி உள்ள வண்டி) ஒன்றை இங்கிலாந்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது ட்ரூமா காம்பி 6ஈ ஹீட்டர், கையேடு ஜெர்மன் மொழியில். தண்ணீர் நிரப்பினால் வண்டிக்கு அடியில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஹீட்டரைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு வந்து நின்றுவிடுகிறது, ஆனால் அடுப்பு எரிகிறது. டிசம்பர் கடைசியில் பிள்ளைகளோடு ஸ்காட்லாந்தில் ஏவிமோர் பக்கம் போக வேண்டும். புது ஹீட்டர் போட வேண்டுமா, வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டும் நன்றாக இருக்கும் காம்பியிலும் நடக்கும். இந்த ஹீட்டருக்குச் சந்தேக புத்தி அதிகம். குளிர் கூடினால் தண்ணீரைக் கொட்டிவிடும், கேஸ் போதவில்லை என்றால் நின்றுவிடும், பேட்டரி இறங்கினால் முரண்டு பிடிக்கும். புதிதாக வாங்கியவர்கள் பழுது என்று நினைப்பதில் பாதிக்கு மேல் இந்த மாதிரி தற்காப்புதான்.

காம்பி என்பது சூடான காற்றை ஊதும் ஹீட்டரும் 10 லிட்டர் கீசரும் ஒரே உடம்பில் இருக்கும் ஒரு சாதனம். அதற்கு நான்கு விஷயம் போய்ச் சேர வேண்டும்: 12 வோல்ட், கேஸ், 230 வோல்ட் கரண்ட், தண்ணீர். நான்கும் நான்கு வழியில் வருகின்றன. ஒரே சாயங்காலத்தில் தண்ணீர் பிடித்து, சிலிண்டர் மாட்டி, கரண்ட் கொடுத்து, எல்லாக் குமிழையும் திருப்பினால் எது வரவில்லை என்றே கண்டுபிடிக்க முடியாது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அவ்வளவாகக் குளிர் இல்லாத ஒரு நாளில், ஒவ்வொன்றாகப் பாருங்கள். தண்ணீரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீசர் காலியாக இருந்தாலும் காம்பி அறையைச் சூடாக்கும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஆரம்பிக்கும் முன் இரண்டு காரியம். வண்டியின் பக்கச் சுவரில் ஹீட்டரின் புகைவாய் இருக்கும், உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் ஜாலி. பல வண்டிகளில் கழுவும்போது தண்ணீர் போகாமலிருக்க அதன் மேல் ஒரு மூடி போட்டிருப்பார்கள். மூடியை எடுத்தாயிற்றா, உள்ளே சிலந்தி வலை, குளவிக்கூடு ஏதும் இல்லையா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதற்கு நேர் மேலே திறக்கும் ஜன்னல் இருந்தால் ஹீட்டர் ஓடும்போது அது மூடியிருக்க வேண்டும். சில வண்டிகளில் அந்த ஜன்னலில் ஒரு ஸ்விட்ச் இருக்கும், திறந்திருந்தால் ஹீட்டர் நின்றுவிடும். இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு அலாரம். பழைய வண்டியில் ஏற்கெனவே ஒன்று இருந்தாலும் அதன் பின்புறத்தில் காலாவதித் தேதியைப் பாருங்கள். தாண்டியிருந்தால் புதிது வாங்குங்கள். மோட்டார்ஹோம், படகு போன்றவற்றுக்கான தரம் ஈஎன் 50291-2, அந்த எண் போட்டதாகப் பார்த்து எடுங்கள். இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, பிள்ளைகள் படுக்கும் இடம், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

12 வோல்ட் விஷயம் சின்னது. கேஸில் ஓட்டினாலும் கரண்டில் ஓட்டினாலும் விசிறியும் மூளையும் வண்டியின் வீட்டுப் பேட்டரியில்தான் (எஞ்சினுக்கானது அல்ல, உள்ளே விளக்கு, பம்புக்கெல்லாம் இருப்பது) ஓடுகின்றன. வண்டி பல மாதம் சும்மா நின்றிருந்தால் விற்றவர் பேட்டரித் துண்டிப்பு ஸ்விட்சை அணைத்து வைத்திருக்கலாம். பேனலில் ஒரு விளக்குமே வரவில்லை என்றால் முதலில் அதையும் ஃப்யூஸையும் பாருங்கள். உங்களுக்குச் சிவப்பு விளக்கு வருகிறது என்பதே 12 வோல்ட் போய்ச் சேர்கிறது என்பதற்கு அடையாளம். இருந்தாலும் பேட்டரி வயதானதாக இருந்தால் நடு ராத்திரியில் கை விடும். ஏவிமோர் போகும் முன் அதை ஒருவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.

இனி கேஸ். "அடுப்பு எரிகிறது, அப்படியானால் கேஸ் வருகிறதுதானே?" என்று எழுதியிருக்கிறீர்கள். வருகிறது, போதுமான அளவு வருகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பர்னர் இழுப்பது ஒன்றிரண்டு கிலோவாட். காம்பி 6 முழு வேகத்தில் 6 கிலோவாட். சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தாலோ ரெகுலேட்டர் சரியில்லை என்றாலோ அடுப்பில் நீல ஜுவாலை அழகாக நிற்கும், ஹீட்டர் மட்டும் பற்றவைக்கப் பார்த்துவிட்டு நின்றுவிடும்.

அதனால் சிலிண்டரிலிருந்து வரிசையாகப் போங்கள். முதலில் சிலிண்டரில் இருப்பது எந்த கேஸ்? பிரிட்டனில் கேலர் சிலிண்டர் என்றால் சிவப்பு புரொப்பேன், நீலம் பியூட்டேன். ஊரில் வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரில் இரண்டும் கலந்திருக்கும், அங்கே அந்த அளவு குளிர் இல்லாததால் யாரும் கவலைப்பட்டதில்லை. இங்கே கவலைப்பட வேண்டும். பியூட்டேன் கிட்டத்தட்ட 0 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். நீல சிலிண்டரோடு குளிர்காலத்தில் ஸ்காட்லாந்து போனால் சிலிண்டர் கனமாகவே இருக்கும், ஹீட்டருக்கு ஒன்றும் வராது. சிவப்புதான் வேண்டும்.

அடுத்தது பலர் கோட்டைவிடும் இடம். சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் முனையில் ஒரு பச்சை பட்டன் இருக்கலாம். குழாய் அறுந்தால் கேஸை அடைக்கும் பாதுகாப்பு அது. சிலிண்டரைத் திறந்ததும் அந்த பட்டனை ஒரு முறை நன்றாக அழுத்தினால்தான் முழு அளவில் வாயு போகும். ரெகுலேட்டரிலேயே மோதல் சென்சர் (விபத்தில் வண்டி மோதினால் கேஸை நிறுத்துவது) உள்ள மாடலாக இருந்தால் அதிலும் ஒரு பட்டன் உண்டு. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கியோ, சிலிண்டர் மாற்றும்போது கை தட்டியோ அது விழுந்துவிடும், திரும்ப அமுக்கி விட வேண்டும். சிலிண்டர் வால்வையும் மெதுவாகத் திறங்கள்.

அங்கிருந்து சமையல் மேடைக்குக் கீழே போனால் அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் மூன்றுக்கும் தனித்தனி வால்வு வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் சின்னப் படம் போட்டிருக்கும். ஹீட்டர் வால்வு மட்டும் மூடியிருந்தாலும் உங்கள் கதைதான் நடக்கும்: அடுப்பு எரியும், ஹீட்டருக்குச் சிவப்பு விளக்கு. உங்கள் வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

எல்லாம் திறந்திருந்தும் வரவில்லை என்றால் குழாயில் காற்று நிற்கிறது என்று அர்த்தம். சிலிண்டர் மாற்றிய உடனே இது சகஜம். அடுப்பை ஒரு நிமிடம் எரியவிட்டு, பிறகு ஹீட்டரை அணைத்து, சில வினாடி விட்டு மறுபடி போடுங்கள். இரண்டு மூன்று தடவை ஆகலாம். சத்தத்தைக் கவனியுங்கள்: முதலில் விசிறி மெல்லச் சுழலும், பிறகு தீப்பொறியின் டிக் டிக், அதற்குப் பின் அடிவயிற்றில் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். உறுமல் வந்துவிட்டால் பற்றிக்கொண்டது. ஓரிரு நிமிடத்தில் காற்றுவாயில் கையை வைத்தால் சூடு தெரியும். பல மாதம் கழித்து ஓடும்போது தூசி கருகும் நாற்றம் கொஞ்சம் வரும், புகைவாய்க்கு மேலே இல்லாத வேறொரு ஜன்னலைத் திறந்து வையுங்கள், போய்விடும். டிக் டிக் மட்டும் வந்து உறுமல் வராமலே சிவப்பு விளக்கு வந்தால் கேஸ் பக்கம்தான் குறை. அழுக்கு எண்ணெய் போன்ற ஒரு கசடு சில நேரம் ரெகுலேட்டருக்குள் சேர்ந்து அதைக் கெடுத்துவிடும், பழைய வண்டிகளில் இது தெரிந்த தொல்லை. அதைப் பிரித்துச் சுத்தம் செய்ய முயல வேண்டாம், மாற்றிவிட வேண்டியதுதான்.

பேனலுக்கு வருவோம். 2012 வண்டி என்பதால் உங்களிடம் இருப்பது திருகும் குமிழ் வைத்த பழைய பேனல். ஒரு பக்கம் குழாய்ப் படத்தோடு 40, 60 என்று இருக்கும், அது கோடைப் பக்கம்: தண்ணீரை மட்டும் சூடாக்கும், அறையைத் தொடாது. மறுபக்கம் குளிர்காலம்: ஒரு நிலையில் அறை மட்டும், இன்னொன்றில் அறையும் தண்ணீரும். எண்கள் போட்ட குமிழ் அறையின் சூட்டுக்கு. அவை டிகிரி அல்ல, நடுவில் வைத்து ஆரம்பித்து உங்களுக்குப் பிடித்த இடத்தைக் கண்டுகொள்ளுங்கள். பச்சை விளக்கு ஓடுகிறது என்பதற்கு, மஞ்சள் தண்ணீர் சூடாகிறது என்பதற்கு, சிவப்பு கோளாறுக்கு. அணைத்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் ஓடி உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றும். அப்போது அவசரப்பட்டு மெயின் ஸ்விட்சை அணைக்காதீர்கள். அறை மட்டும் என்று வைத்தாலும் கீசரில் தண்ணீர் இருந்தால் அதுவும் கூடவே சூடாகும், எதிர்பார்த்ததைவிடக் கொதியாகக்கூட வரலாம். பிள்ளைகளின் கையைக் குழாயடியில் நீட்டுமுன் நீங்கள் தொட்டுப் பாருங்கள்.

கொஞ்சம் புதிய வண்டிகளில் இருக்கும் டிஜிட்டல் சிபி பிளஸ் பேனல் எண்ணாகவே காரணத்தைச் சொல்லிவிடும். 112, 202 என்று வந்தால் கேஸ் வரவில்லை. 42 என்றால் ஜன்னல் திறந்திருக்கிறது. 255 என்றால் பேனலுக்கும் ஹீட்டருக்கும் தொடர்பு இல்லை, அல்லது ஹீட்டருக்கு 12 வோல்ட் போகவில்லை. உங்களுக்கு அந்த வசதி இல்லை, காது கொடுத்துக் கேட்பதுதான் வழி.

உங்கள் மாடல் பெயரில் உள்ள "ஈ" என்ற எழுத்து கரண்டிலும் ஓடும் என்பதைக் குறிக்கிறது. அதற்குத் தனியாக ஒரு குமிழ் இருக்கும்: கேஸ் மட்டும், 900 வாட், 1800 வாட், கேஸும் கரண்டும் கலந்து. முகாம்களில் கரண்டுக்குக் காசு கொடுத்துவிட்டு கேஸை எரிப்பானேன் என்று எல்லோருக்கும் தோன்றும், சரிதான். ஆனால் கணக்குப் பாருங்கள். 1800 வாட் என்றால் ஏறக்குறைய 8 ஆம்பியர். 10 ஆம்பியர் இணைப்பில் ஹீட்டரை அப்படி வைத்துவிட்டு வீட்டிலிருந்து கொண்டுவந்த 3 கிலோவாட் கெட்டிலைப் போட்டால் அந்த நிமிடமே டிரிப் ஆகும். ஐரோப்பாவில் சில இடங்களில் 6 ஆம்பியர்தான் கொடுப்பார்கள், அங்கே 900 வாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குறைந்த வாட் கெட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு டீ போடும்போது ஹீட்டரை 900-க்கு இறக்குவது, அல்லது கேஸ் அடுப்பில் கொதிக்க வைப்பது என்று ஒரு பழக்கம் வந்துவிடும்.

அதைவிட முக்கியம், உறைபனி இரவில் 1.8 கிலோவாட் மட்டும் உங்கள் வண்டிக்குப் போதாது. டுகாட்டோவின் முன் கண்ணாடி ஒரு பெரிய ஓட்டை மாதிரிதான், சூடெல்லாம் அதன் வழியாகப் போய்விடும். ஏவிமோரில் கலப்பு நிலையில் வையுங்கள். கரண்ட் தன் பங்கைக் கொடுக்கும், போதாதபோது கேஸ் தானாகச் சேர்ந்துகொள்ளும். கேஸ் மட்டும் என்றால் காம்பி 6 ஒரு மணி நேரத்துக்கு 160 கிராமிலிருந்து 480 கிராம் வரை எரிக்கும். 6 கிலோ சிலிண்டர் முழு வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இரண்டாவது சிலிண்டர் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

இப்போது தண்ணீர். கீழே கொட்டுவது ஃப்ராஸ்ட் கண்ட்ரோல் என்கிற வால்வு வழியாக. கீசரில் தண்ணீர் உறைந்தால் உள்ளே வெடித்துவிடும், உறைந்து கெட்டதற்கு வாரண்டியும் கிடையாது. அதனால் வால்வைச் சுற்றியுள்ள இடம் சுமார் 3 டிகிரிக்கு வந்ததும் அது தானாகத் திறந்து கீசரைக் காலி செய்துவிடும். இதற்குக் கரண்டோ பேட்டரியோ வேண்டாம், அதனால் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போதும் காவல் காக்கும். ஹீட்டர் எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்தில், பெரும்பாலும் உட்காரும் பெஞ்சுக்கோ கட்டிலுக்கோ அலமாரித் தரைக்கோ அடியில் தேடுங்கள். விரல் நீளத்துக்கு ஒரு சாதனம், மேலே ஒரு திருகுக் குமிழ், பக்கத்தில் ஒரு சிறு பட்டன். குமிழைத் தண்ணீர்க் குழாயின் வாக்கில் நேராகத் திருப்பி, பட்டனை உள்ளே அமுக்கினால் மூடிக்கொள்ளும்.

பலர் இங்கேதான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அமுக்கினால் பட்டன் துள்ளி வெளியே வந்துவிடும், வால்வு உடைந்துவிட்டது என்று நினைப்பார்கள். உடையவில்லை. 3 டிகிரியில் திறந்த வால்வு, சுமார் 7 டிகிரிக்கு மேல் போனால்தான் மூட அனுமதிக்கும். காலையில் வண்டிக்குள் 5 டிகிரி இருக்கும்போது எத்தனை தரம் அமுக்கினாலும் பலன் இல்லை. முதலில் தண்ணீர் இல்லாமல் அறையைச் சூடாக்குங்கள், வால்வு இருக்கும் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து அங்கேயும் சூடு போக விடுங்கள், பிறகு அமுக்கினால் நிற்கும். சிலர் துணிக் கிளிப்பை மாட்டி பட்டனைப் பிடித்து வைப்பார்கள். ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆபத்துக்குப் பாவமில்லை, ஆனால் கிளிப்பை மறந்து வண்டியை விட்டுப் போனால் கீசர் போச்சு. இந்த வால்வுக்கென்றே ட்ரூமா ஒரு சிறு சூடேற்றும் பாகம் விற்கிறது, வால்வு வெகு குளிரான மூலையில் இருந்தால் அதைப் போட்டுவிடுவது நல்லது.

வால்வை மூடிய பிறகு டாங்கியில் தண்ணீர் நிரப்பி, பம்பைப் போட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். புஸ் புஸ் என்று காற்று வந்து பிறகு சீராகத் தண்ணீர் வந்தால் கீசர் நிரம்பிவிட்டது. 15 டிகிரித் தண்ணீர் 60-க்கு வர கேஸில் சுமார் 20 நிமிடம் ஆகும், கரண்டில் மட்டும் என்றால் இன்னும் காத்திருக்க வேண்டும். 10 லிட்டர்தான், ஊர்க்காரர்கள் மாதிரி நின்று நிதானமாகக் குளிக்க முடியாது.

ஏவிமோரில் பகலெல்லாம் வெளியே போகும்போது ஹீட்டரை அணைத்துவிட்டுப் போகாதீர்கள், குறைந்த சூட்டில் ஓடவிடுங்கள். அத்தோடு பம்ப் ஸ்விட்சை அணையுங்கள். அழுத்தத்தில் ஓடும் பம்ப் என்றால், வால்வு திறந்ததும் யாரோ குழாயைத் திறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓட ஆரம்பித்து, டாங்கியில் உள்ள அத்தனை தண்ணீரையும் வண்டிக்கு அடியில் இறைத்துவிடும். ராத்திரியில் அது உறைந்தால் காலையில் கதவைத் திறந்து இறங்குகிறவர் வழுக்கி விழ வேண்டியதுதான்.

ஊர் திரும்பி வண்டியை நிறுத்தும்போது பம்பை அணைத்து, எல்லாக் குழாயையும் திறந்து, ஒரே கைப்பிடிக் குழாயென்றால் நடுவில் வைத்து, வால்வைத் திறங்கள். கீழே 10 லிட்டர் வாளி வைத்தால் முழுதாக வடிந்ததா என்று தெரியும். பாதி வாளியோடு நின்றுவிட்டால் ஏதோ ஒரு குழாய் மூடியிருக்கிறது, காற்று உள்ளே போக வழியில்லை. ஷவரை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

சூடு பின்கட்டிலுக்கு வருகிறது, முன்னால் வரவில்லை என்ற புகார் வந்தால், பெஞ்சுக்கு அடியில் நீங்கள் அடுக்கிய சாமான் காற்றுக் குழாயை நசுக்கியிருக்கும், அல்லது இணைப்பு கழன்று சூடெல்லாம் பெட்டிக்குள் போகும். சுவரில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறதே, அதுதான் அறைச் சூட்டை அளக்கும் சென்சர், அதன் மேல் கோட்டை மாட்டாதீர்கள். முன் கண்ணாடிக்கு வெப்பத் திரை வாங்கிப் போடுங்கள். தரையிலும் கூரையிலும் உள்ள காற்றோட்ட ஓட்டைகளைக் குளிர் வருகிறதென்று துணியால் அடைக்கவே கூடாது. கேஸ் கசிந்தால் கனமானதால் கீழே இறங்கும், தரை ஓட்டை அது வெளியேறுவதற்காகத்தான்.

உங்கள் நண்பரின் வண்டியில் ஆல்டே ஹீட்டர் இருப்பதாகச் சொன்னீர்கள். அது ஸ்வீடன் சமாச்சாரம், காற்றுக்குப் பதில் கிளைகால் என்ற உறைதடுப்புத் திரவம் கலந்த நீரைக் குழாயில் ஓட்டிச் சூடாக்கும். அதில் பார்க்க வேண்டியது விரிவுத் தொட்டியில் திரவம் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் இருக்கிறதா, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பது. மற்றபடி கேஸ், கரண்ட் பற்றி நான் மேலே சொன்னது அவருக்கும் பொதுவாகப் பொருந்தும், வாட் எண்கள் மட்டும் வேறு.

வண்டி ஓடும்போது ஹீட்டரைப் போடலாமா என்பதற்கு, மோதல் சென்சர் உள்ள ரெகுலேட்டர் இருந்தால் போடலாம், இல்லையென்றால் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பெட்ரோல் பங்க்கிலும் கப்பலிலும் எதுவாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவையும் நீங்களே பார்க்கலாம். கேஸ் இணைப்பைக் கழற்றுவது, பர்னரைத் திறப்பது, 230 வோல்ட் பக்கம் கை வைப்பது மட்டும் வேண்டாம். அதற்கு கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவு உள்ளவரிடம் போங்கள், எல்பிஜியும் மோட்டார்ஹோமும் அவர் பதிவில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டு பாய்லர் பார்ப்பவர் எல்லோருக்கும் அந்தத் தகுதி இராது. பிரிட்டனில் எம்ஓடி, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் சோதனை, பாஸ் ஆகிவிட்டது என்பதற்கும் கேஸுக்கும் சம்பந்தம் இல்லை, அதில் இந்த ஹீட்டரைப் பார்க்கவே மாட்டார்கள். ரப்பர் குழாய்களின் மேல் தயாரிப்பு ஆண்டு அச்சிட்டிருக்கும். 2012 என்றே இருந்தால் குழாயையும் ரெகுலேட்டரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், சிவப்பு விளக்கும் அத்தோடு போய்விடலாம். நவம்பரில் இவர்களிடம் தேதி கிடைப்பது கஷ்டம், இந்த வாரமே கூப்பிட்டுவிடுங்கள்.